ராணி எறும்பை வளர்த்து விற்ற அனுபவம்: டர்பனிலிருந்து ஒரு பதிவு

பங்குனி மாதக் கடைசியில் நான் கொடுத்தனுப்பிய எறும்புக் கூட்டம் ஒன்று ஜொகனஸ்பர்க்குக்குத் தெற்கே லெனேஷியாவில் ஒரு மாணவன் வீட்டுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. அங்கே போன பிறகு ராணி மறுபடியும் முட்டையிட்டிருக்கிறாள். வாங்கிய தம்பி அனுப்பிய படத்தில் அந்த வெள்ளைக் குவியல் தெளிவாகத் தெரிகிறது. இதற்கு முன் வாங்கியதிலும் நஷ்டம், விற்றதிலும் நஷ்டம். பணம் போனதைவிட உயிர்கள் போனதுதான் என்னை வாட்டியது. இந்தப் பருவத்தில் எல்லாம் ஒருவாறு கூடிவந்ததால், செய்ததைச் செய்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில். குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் பழுதுபார்ப்பது தொழில். அதனால் வினைல் குழாய், தெர்மோஸ்டாட், துரப்பணம் எல்லாம் கையருகே இருக்கின்றன. இவை இல்லாதவர்கள் செலவுக் கணக்கில் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

முதலில் வாங்கிய கதை. எறும்பு வளர்க்கும் ஆசை வந்ததும் நானாக ராணியைத் தேடிப் பிடிக்கப் பொறுமை இல்லாமல், உள்நாட்டிலேயே விற்பவர் ஒருவரிடம் காசு கொடுத்தேன். ராணியும் பதினைந்து வேலைக்கார எறும்புகளும் 600 ராண்ட், கூரியர் 110 ராண்ட். படத்தில் பார்க்கக் கம்பீரமாக இருந்தது. வந்தது கேம்போனோட்டஸ் இனம். நம் ஊர்க் கட்டெறும்பின் சாயலில் பெரியது, கால்கள் மஞ்சளோடிய பழுப்பு. சோதனைக் குழாயில் தண்ணீர் அதிகம் ஊற்றியிருந்ததால் வழியில் பஞ்சை நனைத்துக்கொண்டு பாதி வேலைக்கார எறும்புகளை மூழ்கடித்திருந்தது. ராணி பிழைத்தாள். முட்டையிட்டாள், புழு வந்தது, புழு கூடு கட்டிக்கொண்டது. ஆனால் கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தவை எல்லாம் சிறுதலையும் இறக்கையும் உள்ள ஆண்கள். ஒன்றுகூட வேலைக்கார எறும்பு இல்லை.

எறும்பு இனத்தில் கருவுறாத முட்டையிலிருந்து ஆண்தான் வரும். கருவுற்ற முட்டையிலிருந்துதான் பெண் வரும், அதாவது வேலைக்கார எறும்பும் அடுத்த ராணியும். ராணி பறந்துபோய்க் கலந்து, அன்று பெற்ற விந்தை வயிற்றுக்குள் ஒரு சிறு பையில் வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கச் செலவழிக்கிறாள். கலவாத ராணியும் சில நேரம் இறக்கையை உதிர்த்துவிடுவாள், முட்டையும் இடுவாள். இறக்கை இல்லை, முட்டை இருக்கிறது என்று நம்பிக் காசு கொடுத்தால் இப்படித்தான் ஆகும். எனக்கு வந்த ராணி கலவாதவள். உடன் வந்த வேலைக்கார எறும்புகள் வேறு ஏதோ புற்றிலிருந்து எடுத்துப் போட்டவை.

அவை அவளுடைய பிள்ளைகள் அல்ல என்பதைப் படத்திலேயே கண்டுபிடித்திருக்கலாம் என்பது பின்னால்தான் புரிந்தது. புதிதாகக் குடித்தனம் தொடங்கும் ராணி, தன் உடம்பில் இருப்பதைக் கரைத்துத்தான் முதல் பிள்ளைகளை வளர்க்கிறாள். பறக்க உதவிய தசைகளே கரைந்து பிள்ளைகளுக்கு உணவாகின்றன. அதனால் முதலில் வரும் வேலைக்கார எறும்புகள் அத்தனையும் பொடியாக இருக்கும். பதினைந்தே எறும்புகள் உள்ள கூட்டத்தில் பெருந்தலை எறும்பு ஒன்று நின்றாலும் அது அந்த ராணி பெற்றது அல்ல. விளம்பரப் படத்தில் அப்படி இரண்டு நின்றன. வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இரண்டு வார இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் கேளுங்கள். முட்டை, புழு, கூடு மூன்றும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும், முதல் படத்தைவிட இரண்டாம் படத்தில் பொடி எறும்புகள் கூடியிருக்க வேண்டும். இந்தப் படங்களைத் தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

அதற்குப் பிறகு வாங்குவதை விட்டுவிட்டேன். ராணி நம் முற்றத்துக்கே வருகிறாள்.

டர்பனில் புரட்டாசி விரதம் முடிந்து ஐப்பசி பிறக்கும்போது வசந்தம் பாதி கழிந்து கோடை மழை தொடங்கியிருக்கும். நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்து, காற்றில்லாமல் புழுக்கமாக இருக்கும் இரவில் வாசல் விளக்கடியில் போய் நின்றால் போதும். அங்கே விழுவதில் முக்கால்வாசி ஈசல். ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு தடிப்பு, உணர்கொம்பு நேராக மணி கோத்தது போல இருக்கும். எறும்புக்கு இடுப்பு ஊசி, உணர்கொம்பு முழங்கை மாதிரி மடிந்திருக்கும், முன்னிறக்கை பின்னிறக்கையைவிட நீளம். எனக்கு வேண்டிய கேம்போனோட்டஸ் ராணி ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர், முதுகு பருத்திருக்கும். இறக்கையோடு விளக்கைச் சுற்றுபவளை விட்டுவிடுகிறேன். இறக்கையை உதிர்த்துவிட்டுச் சுவரோரமாக இடம் தேடி ஓடுபவளை மட்டும் எடுக்கிறேன். அவள் முதுகின் இரு பக்கமும் இறக்கை முறிந்த இடம் சிறு வடுவாகத் தெரியும். விரலால் பிடிக்கக் கூடாது. மருந்துப் புட்டியின் வாயைத் தரையில் வைத்து அவளாக உள்ளே நடக்கவிட வேண்டும்.

அதே நாட்களில் பகல் வெளிச்சத்தில் இன்னொரு ராணியும் பறக்கும்: கரேபாரா விடுவா. இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல், கொழுத்த வயிறு. அவளுடைய வேலைக்கார எறும்போ கடுகைவிடச் சிறியது. கறையான் புற்றுக்குள் நூல் மாதிரி வளை தோண்டிக் கறையான் குஞ்சுகளைத் திருடித் தின்று வாழும் சாதி. பார்ப்பவர்கள் அசந்துபோவதால் வாங்குபவர்கள் அதிகம் கேட்பதும் இதையேதான். ஒரு பருவத்தில் வைத்துப் பார்த்தேன். அழகாகக் குழாயில் உட்கார்ந்திருந்து, முட்டையிட்டு, பொடியன்கள் வரும் முன்னரே செத்துப்போயிற்று. கறையான் இல்லாமல் அந்தக் குடித்தனத்தை வீட்டில் நடத்த எனக்குத் தெரியவில்லை. என்னால் வளர்த்துக் காட்ட முடியாததை நான் விற்பதில்லை.

குழாய் விவரம். 16 மில்லிமீட்டர் விட்டம், 150 மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிச் சோதனைக் குழாய். மொத்தமாக வாங்கினால் ஒன்று 12 ராண்ட். கொதித்து ஆறிய தண்ணீர் அடியில் 50 மில்லிமீட்டர். அதன்மேல் பஞ்சை 20 மில்லிமீட்டர் கனத்துக்குப் பென்சிலின் பின்முனையால் அழுத்தி இறக்க வேண்டும். இந்த ஒரு வேலையில்தான் எல்லாமே இருக்கிறது. தளர்வாக வைத்தால் தண்ணீர் பெருகி வரும். அளவுக்கு மீறி இறுக்கினால் மேல்பக்கம் ஈரமே எட்டாது. பஞ்சின் அடிப்பாதி நனைந்து, மேல்பாதி தொட்டால் சில்லென்று மட்டும் இருக்க வேண்டும். தண்ணீருக்கும் பஞ்சுக்கும் இடையில் காற்றுக்குமிழி நிற்கக் கூடாது. நான் குழாயைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் நான்கு தட்டுத் தட்டுகிறேன். ஒரு துளி கசிந்தாலும் அந்தப் பஞ்சைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் செய்கிறேன். வாய்ப்பக்கத்தையும் பஞ்சால்தான் மூடவேண்டும், ரப்பர் தக்கை ஆகாது. கேம்போனோட்டஸ் பயந்தால் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். காற்றுப் போகாத குழாயில் அந்த ஆவியே அதைக் கொன்றுவிடும்.

ராணியை உள்ளே விடும் முன் ஒரு சிட்டிகை சலித்த மணலையும் தூவுகிறேன். இந்த இனத்தின் புழு, பட்டுப்புழு மாதிரி தன்னைச் சுற்றி நூல் நூற்றுக் கூடு கட்டும். நூலைப் பிடிக்க எதுவும் கிடைக்காவிட்டால் கூடு கட்டாமலே கிடக்கும். முந்தைய பருவத்தில் மணல் இல்லாத குழாய்களில் புழுக்கள் வளைந்து நெளிந்து வீணானதைப் பார்த்த பிறகு செய்த மாற்றம் இது. இந்தத் தடவை புழு மணலைப் போர்த்துக்கொண்டு உள்ளே நூற்றது, பிறகு ராணி ஒவ்வொரு மணலாகப் பொறுக்கி எடுத்துப் போட்டாள். கூடு முடிந்ததும் அதன் ஒரு முனையில் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். புழு தன் வாழ்நாள் கழிவை எல்லாம் அங்கே ஒரே தடவையாக வெளியேற்றிவிட்டு உருமாறத் தொடங்குகிறது. அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

குழாய்கள் இருந்த இடம் அலமாரியில் செருப்புப் பெட்டிக்குள். இருட்டு, அசைவின்மை, 26 முதல் 28 டிகிரி வெப்பம். இந்த வேலையில் மிகவும் கடினமானது திறந்து பார்க்காமல் இருப்பதுதான். அடிக்கடி வெளிச்சம் பட்டால் ராணி தன் முட்டையைத் தானே தின்றுவிடுவாள். வாரம் ஒரு தரம், சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச்சால் மட்டும் பார்க்கிறேன். ஐப்பசி நடுவில் பிடித்தவளுக்கு மார்கழி தொடங்கும்போது முதல் பிள்ளை வந்தது. அதுவரை சோறும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. அவளுக்குத் தேவையும் இல்லை.

முதல் எறும்பு வெளிறிப்போய் நடுங்கிக்கொண்டு நிற்கும் அன்று மாலையே ஊட்டத் தொடங்க வேண்டும். ஒரு பங்கு சர்க்கரைக்கு மூன்று பங்கு தண்ணீர். அலுமினியத் தாளில் குண்டூசித் தலையளவு ஒரு சொட்டு, அவ்வளவுதான். வேலைக்கார எறும்பு வயிறு கண்ணாடிபோலத் தெரியும்வரை குடித்துவிட்டு நேரே ராணியிடம் போய் வாயோடு வாய் வைத்துக் கொடுத்தது. இத்தனை வாரம் பட்டினி கிடந்தவள் தாடைகளை அகல விரித்து, உணர்கொம்புகளால் பிள்ளையின் தலையைத் தட்டித் தட்டிக் கேட்டு வாங்கிக் குடித்தாள். உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு இதைப் பார்த்த நேரத்துக்கு நான் இதுவரை செலவழித்த ராண்ட் அத்தனையும் தகும்.

புழுக்களுக்குப் புரதம் வேண்டும். சமையலறைக் கரப்பானைக் கொடுக்காதீர்கள். அது எந்த வீட்டு மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ யாருக்குத் தெரியும். தவிட்டுப் பெட்டியில் மாவுப்புழு வளர்த்து, உறைபெட்டியில் வைத்துக் கொன்று, அரிசி அளவு துண்டாக நறுக்கி வைக்கிறேன். தின்றது போக மீந்ததை மறுநாளே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம்.

இங்கே ஒரு விபத்தையும் சொல்ல வேண்டும். டர்பன் வீடுகளில் எங்கும் ஊரும் சிறு பழுப்பு எறும்பு ஒன்று இருக்கிறது: ஃபெய்டோலே மெகாசெஃபலா. அதன் படைவீரனுக்கு உடம்புக்கு ஒவ்வாத பெரிய தலை. சர்க்கரை வாசனை பிடித்து ஒரே இரவில் அலமாரிக்குள் வரிசை கட்டி வந்து, வாய்ப்பஞ்சின் ஓரத்தில் வழி குடைந்து, இரண்டு குழாய்களைக் காலி செய்துவிட்டது. ராணியின் கால்கள்கூட மிச்சமில்லை. உலகத்தின் மிக மோசமான ஆக்கிரமிப்பு உயிரினங்கள் நூறில் ஒன்றாக இதைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். ஏன் என்று அன்று காலை கண்ணெதிரே கண்டேன். இப்போது பெட்டி ஒரு சிறு மேசைமேல் இருக்கிறது. மேசையின் நான்கு கால்களும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணங்களில். தின்பண்டத்தை எறும்பிடமிருந்து காக்க நம் வீட்டுப் பெரியவர்கள் செய்த ஏற்பாடு, இங்கே எறும்பை எறும்பிடமிருந்து காக்கிறது. கிண்ணத்தில் தண்ணீர் வற்றவிடக் கூடாது.

அடுத்தது நிரந்தர வீடு. விற்பதற்கு அல்ல, நானே வைத்துக்கொண்ட கூட்டத்துக்கு. 150க்கு 100 மில்லிமீட்டர், 25 மில்லிமீட்டர் கனத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பலகை, மேலே 3 மில்லிமீட்டர் பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) மூடி. களிமண்ணால் அறைகளை 10 மில்லிமீட்டர் உயரத்திலும் வழிகளை 6 மில்லிமீட்டர் அகலத்திலும் கண்ணாடிமேல் ஒட்டி, இரண்டு பங்கு தூளுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து ஊற்றினேன். தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், நம்பக் கூடாது. சமையலறைத் தராசில் தினமும் நிறுத்தேன். ஊற்றிய மறுநாள் 510 கிராம். டர்பனின் தை மாத ஈரக்காற்றில் எடை இறங்கவே மாட்டேன் என்றது. மின்விசிறியின் முன் நிறுத்திய பிறகுதான் 400 கிராமுக்கு வந்து நின்றது. எடை இறங்குவது நின்றால்தான் காய்ந்தது என்று கணக்கு.

ஈரத்துக்காகப் பலகையின் கீழ்விளிம்பு முழுவதும் நீர்க்கால் வைத்ததுதான் தவறாகப் போயிற்று. பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சி எல்லா அறைகளுக்கும் சமமாகப் பரப்பிவிட்டது. பெர்ஸ்பெக்ஸ் முழுக்க வியர்த்தது. எறும்புகள் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு, பலகையோடு இணைத்திருந்த தீனி வைக்கும் வெளிப்பெட்டிக்குப் போய் ஒரு காய்ந்த இலையின் அடியில் குடியிருந்தன. ஒரு மூலை ஈரமாகவும் மறுமூலை வறண்டும் இருந்தால் முட்டையை ஈரத்திலும் கூட்டை வறட்சியிலும் அவையே பிரித்து வைத்துக்கொள்ளும். அதனால் நீர்க்காலை அடைத்துவிட்டு, ஒரு மூலையில் மட்டும் 20 மில்லிமீட்டர் குழி துளைத்து வாரத்துக்கு 5 மில்லிலிட்டர் ஊற்றுகிறேன். மறுவாரமே எல்லாம் உள்ளே திரும்பிவிட்டன. இன்னொன்று: ஐம்பது எறும்புகள் சேரும்வரை குழாயை விட்டு மாற்றவே கூடாது. இருபது பேருக்கு எட்டு அறை கொடுத்தால் ஏழு அறை குப்பைமேடாகிவிடும்.

பெர்ஸ்பெக்ஸ் வெட்டுத்துண்டு 120, பிளாஸ்டர் 70, வினைல் குழாய் என்னிடமே இருந்தது, சூடேற்றும் கம்பி 260 ராண்ட். வெளிப்பெட்டியின் விளிம்பில் எறும்பு ஏறாமலிருக்க டால்கம் பவுடரைச் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் குழைத்துத் தூரிகையால் பூசினேன். உலர்ந்ததும் கால் நிற்காமல் வழுக்கும். ஈரக்காற்றில் மாதம் ஒரு தரம் புதிதாகப் பூச வேண்டியிருக்கிறது. மின்வெட்டு மோசமாக இருந்த 2023 குளிர்காலத்தில் சூடேற்றும் கம்பி பாதி நேரம் அணைந்தே கிடந்தது. தெர்மோகோல் மீன்பெட்டிக்குள் கூட்டத்தையும் இரண்டு லிட்டர் வெந்நீர்ப் புட்டி ஒன்றையும் வைத்து மூடினால் இரவு தாங்கியது.

விற்பனைக்கு வருகிறேன். அதில் முதலில் பட்ட அடி ஆடி மாதத்தில். ஜொகனஸ்பர்க் 1,700 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது. டர்பனில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாட்களில் அங்கே இரவு வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். கூரியரில் அனுப்பிய கூட்டம் ஏதோ ஒரு கிடங்கில் இரவைக் கழித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது. வேலைக்கார எறும்புகள் எழுந்திருக்கவே இல்லை. ராணி அசைந்து பார்த்து, சில நாளில் அடங்கிவிட்டாள். வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது மாசி, பங்குனி இரண்டு மாதங்கள் மட்டும்தான் விற்பனை. அதற்குள் கூட்டமும் பதினைந்து இருபது பேராகியிருக்கும், மலைமேல் குளிரும் வந்திருக்காது.

பயணத்துக்கு ஒரு தனிக் குழாய். அதே அளவுதான், ஆனால் தண்ணீர் 20 மில்லிமீட்டர் மட்டும், பஞ்சு 30 மில்லிமீட்டர். பழைய குழாயின் வாயையும் இதன் வாயையும் ஒரு வினைல் துண்டால் இணைத்து, பழையதை வெளிச்சத்திலும் புதியதைக் கறுப்புத்தாளுக்குள்ளும் வைத்துவிட்டால் அவையே குடிபெயர்ந்துவிடும். கொட்டிக் கவிழ்த்து மாற்ற வேண்டாம். குழாயின் மிச்ச இடத்தில் கசக்கிய டிஷ்யூ காகிதம் ஒரு சுருள். வண்டி குலுங்கும்போது எறும்புகள் அதைப் பற்றிக்கொள்ளும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே ஊட்டுவதை நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் உள்ளே சர்க்கரைச் சொட்டு இருந்தால் உருண்டோடி ஒட்டிக் கொல்லும். குழாயை மெத்துத்தாளில் சுற்றி, கழிவுநீருக்குப் பயன்படும் 40 மில்லிமீட்டர் பிவிசி குழாய் ஒன்றை 200 மில்லிமீட்டருக்கு அறுத்து அதற்குள் செருகினேன். இரு மூடியிலும் 2 மில்லிமீட்டர் ஓட்டைகள். இதன்மேல் ஆள் ஏறி நின்றாலும் உள்ளே ஒன்றும் ஆகாது.

உயிருள்ளதை ஏற்காத கூரியர்களே அதிகம். மறைத்து அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை. லெனேஷியாவுக்குக் கல்யாணத்துக்குக் காரில் போன உறவினர் கையில் கொடுத்தனுப்பினேன். ஏறத்தாழ 570 கிலோமீட்டர், வழியில் வான் ரீனன் கணவாய். காரின் பின்கண்ணாடி மேடையில் வெயிலில் வைக்காமல், முன்சீட்டுக் காலடியில் துணிப்பைக்குள் வைக்கச் சொன்னேன். ஒரு எறும்புகூட இறக்காமல் போய்ச் சேர்ந்தன. இந்த வழியில்தான் இனி எல்லாமே.

விலை 350 ராண்ட். ஒரு கூட்டத்துக்குக் குழாய், பஞ்சு, தீனி என்று 60 ராண்ட் ஆகிறது. ஆனால் பிடித்த ராணிகளில் பாதிக்கு மேல் முதல் பிள்ளையையே காணவில்லை. அந்தச் செலவும் தேறியவற்றின் தலையில்தான் விழுகிறது. இது சம்பாதிக்கும் வழி அல்ல. அடுத்த பருவத்துக்கு மாவுப்புழுவும் குழாயும் வாங்கும் அளவுக்குக் கையில் மிஞ்சுகிறது, எனக்கு அது போதும்.

பக்கத்து வீட்டு ஆயா இதைக் கேள்விப்பட்டு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்கள்: “எறும்புக்கு மாக்கோலம் போட்ட கைகள் நம்முடையவை, அதையா தம்பி விலைக்குக் கொடுக்கிறாய்?” குழாய்க்கும் உழைப்புக்கும்தான் விலை என்றேன். அவர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. “போகிற வீட்டில் அதற்குச் சோறு போடுவார்களா, அதைக் கேட்டாயா?” என்றார்கள். அதுவரை நான் கேட்டதில்லை. இப்போது வாங்க வருபவரிடம் விலை பேசும் முன் கேட்கிறேன்: எங்கே வைப்பீர்கள், குளிரில் எப்படிச் சூடு கொடுப்பீர்கள், விடுமுறைக்குப் போனால் யார் பார்ப்பார்கள். கேம்போனோட்டஸ் ராணி பத்து ஆண்டுக்கு மேலும் உயிரோடிருக்கக் கூடியவள். பள்ளிப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாகக் கேட்டவரிடம், முதலில் பிள்ளையோடு வந்து இங்கே ஒரு மாதம் ஊட்டிப் பாருங்கள் என்றேன். வரவில்லை, நானும் கொடுக்கவில்லை.

எங்கே அனுப்ப மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேப் டவுனிலிருந்து ஒருவர் நல்ல விலை கொடுக்க முன்வந்தார், மறுத்துவிட்டேன். அந்தப் பக்கத்து ஃபின்போஸ் என்னும் புதர்க்காட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடிவகைகளின் விதைகளை மண்ணுக்குள் கொண்டுபோய்ப் புதைப்பவை உள்ளூர் எறும்புகள். வெளியிலிருந்து வந்த அர்ஜென்டினா எறும்பு அவற்றை விரட்டிய இடங்களில் விதைகள் மேலேயே கிடந்து எலிக்கு இரையாகின்றன என்று 1984லேயே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். என் எறும்பு அர்ஜென்டினா எறும்பு அல்ல, இந்த மண்ணின் எறும்புதான். ஆனாலும் அதோடு ஒட்டிப் போகும் உண்ணியும் பூஞ்சையும் எனக்குத் தெரியாமலே போகும். உங்கள் வாசல் விளக்கடியில் உங்கள் ஊர் ராணி விழுவாள், பிடிக்கும் முறையைச் சொல்லித் தருகிறேன் என்றேன். அவர் பிடித்தும்விட்டார், குழாய் அளவுகளைக் கேட்டு இரண்டு தரம் பேசினார்.

வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டவருக்கும் அதே பதில். 2025 ஏப்ரலில் கென்யாவின் நைவாஷாவில் பெல்ஜியத்து இளைஞர்கள் இருவரிடம் சுமார் 5,000 ராணி எறும்புகள் பிடிபட்டன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஈரப்பஞ்சு. அடுத்த மாதம் நீதிமன்றம் ஆளுக்குப் பத்து லட்சம் ஷில்லிங் அபராதம் விதித்தது. அவற்றில் முக்கியமானது மெஸ்ஸர் செஃபலோட்டஸ், விதை சேர்க்கும் பெரிய சிவப்பு எறும்பு. ஒவ்வொரு ராணியும் ஒரு புற்று என்று கணக்குப் போட்டால் எத்தனை புற்றுகள் முளைக்காமலே போயிருக்கும்! அந்தச் செய்தியில் வந்த குழாய்கள் என் அலமாரிக் குழாய்களைப் போலவே இருந்தது என்னை உலுக்கிவிட்டது. அன்றிலிருந்து என் முற்றத்தில் விழுவதில் ஒரு பருவத்துக்குப் பத்து ராணிக்கு மேல் எடுப்பதில்லை. காப்புக்காட்டிலும் பூங்காவிலும் குழாயோடு நுழைவதே இல்லை. அங்கே அனுமதிச் சீட்டு இல்லாமல் எதையும் எடுப்பது குற்றம். எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் சந்தேகம் இருந்தால், வனவிலங்குகளைக் கவனிக்கும் எசெம்வெலோ அமைப்பின் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அயல்நாட்டு எறும்பை அனுமதியின்றி உள்ளே வரவழைப்பதும் சட்டப்படி தவறு, 1983ஆம் ஆண்டு வேளாண் பூச்சிச் சட்டத்திலிருந்தே கட்டுப்பாடு இருக்கிறது.

வரும் ஐப்பசிக்குச் சில மாற்றங்கள் செய்யப் போகிறேன். வளர்ப்புக் குழாயின் தண்ணீரை 50 மில்லிமீட்டரிலிருந்து 40க்குக் குறைப்பேன். மாசி வரை அது போதும் என்று தெரிந்துவிட்டது, உள்ளே இடமும் கூடும். மணலைச் சலிப்பதோடு நிறுத்தாமல் வறுத்தும் போடுவேன், இரண்டு குழாய்களில் உண்ணி வந்தது மணலிலிருந்தாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் பிடித்த தேதி, முதல் முட்டை, முதல் பிள்ளை மூன்றையும் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டப் போகிறேன், அந்தத் தாளே வாங்குபவருக்குச் சான்று. பிளாஸ்டருக்குப் பதிலாக, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கழற்றிய கண்ணாடித் தட்டுகள் இரண்டுக்கு நடுவே மணலும் களிமண்ணும் நிரப்பி ஒரு வீடு செய்து பார்க்க எண்ணம். இடைவெளி 12 மில்லிமீட்டர் வைத்திருக்கிறேன். பெருந்தலை எறும்புகள் திரும்ப அது போதுமா என்பது கூட்டம் நூறைத் தாண்டும்போது தெரிந்துவிடும்.